கருவை நெத்து ஆட்டுக்கு ஆகுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்

வெயில் ஏறியதுமே கடிதங்களும் ஒரே திசையில் திரும்பிவிட்டன. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பது சீமைக்கருவையின் நெத்தையும் (முற்றிக் காய்ந்த காய்) காட்டு விதைகளையும் பற்றித்தான். பணியில் இருந்த காலம் முழுக்க இந்தக் கடற்கரை ஊர்களில் அலைந்தவள் என்பதால் இதில் எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. மடிவீக்கம், தடுப்பூசி பற்றிய கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: பங்குனி முடிந்தால் எங்கள் ஊரில் பச்சை என்று ஒன்று கண்ணில் படாது. சீமைக்கருவை நெத்தைப் பொறுக்கித் தின்றுதான் ஆடுகள் காலம் தள்ளுகின்றன. அது விஷம் என்கிறார் ஒருவர். புண்ணாக்குக்குச் சமம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (வாசகி, திருப்பாலைக்குடி)

இரண்டு பேருமே கூட்டித்தான் சொல்கிறார்கள், அம்மா. நன்றாகக் காய்ந்த நெத்து நூறு கிலோ எடுத்தால் அதில் புரதம் 10 முதல் 13 கிலோ இருக்கும். மக்காச்சோளத்தில் சுமார் 9 கிலோ, கடலைப் புண்ணாக்கில் 40 கிலோவுக்கு மேல். ஆக, நெத்தைத் தானிய வகையில்தான் சேர்க்க வேண்டும், புண்ணாக்கு வகையில் இல்லை. புண்ணாக்கை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக நெத்தை மட்டும் போட்டவர்களின் ஆடு வற்றிப்போவது இதனால்தான். சோளத்தையோ கம்பையோ குறைத்து அந்த இடத்தில் நெத்தைச் சேர்த்தவர்களுக்குக் காசு மிஞ்சும்.

ஆடு அதை ஓடி ஓடித் தின்பதற்குக் காரணம் சர்க்கரை. விதையைச் சுற்றியுள்ள மஞ்சள் சதையில்தான் அது இருக்கிறது. நூறு கிலோ நெத்தில் 20 முதல் 25 கிலோ வரை சர்க்கரை, சில மரங்களில் அதற்கும் மேல். நார்ச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. கோடையில் சுருண்டு கிடக்கும் ஆட்டுக்கு உடனடித் தெம்பு தருவது இந்தச் சர்க்கரைதான்.

ஆனால் அசல் சரக்கு விதைக்குள் இருக்கிறது. நூறு கிலோ நெத்தில் விதையை மட்டும் பிரித்தால் 10 முதல் 15 கிலோதான் தேறும். அந்த விதையில் புரதம் நூற்றுக்கு 30-க்கும் மேல். கணக்குப் போட்டால் நெத்தின் மொத்தப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சின்ன விதைக்குள் பூட்டிக் கிடப்பது தெரியும். பூட்டி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. விதையைச் சுற்றித் தோல் போன்ற ஒரு கூடு, அதற்குள் விதையின் கெட்டியான மேல்தோல். மாடு முழு நெத்தை விழுங்கினால் விதை முழுசாகவே சாணியில் வந்துவிடும். வெள்ளாடும் செம்மறியும் மாட்டைவிட நன்றாக மெல்லும், இருந்தாலும் புழுக்கையை உடைத்துப் பாருங்கள், விதை கிடைக்கும். மரத்தடியில் மேயும் ஆடு சர்க்கரையை வாங்கிக்கொண்டு புரதத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அரைத்துக் கொடுத்தால்தான் அந்த மூன்றில் ஒரு பங்கு ஆட்டின் உடம்பில் சேரும். இந்த இதழில் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

விஷம் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அது அளவைப் பொறுத்தது. வாலிநோக்கம் வாசகரின் கேள்விக்கான பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: பக்ரீத்துக்குக் கிடா வளர்க்கிறேன். நெத்தை எவ்வளவு சேர்க்கலாம்? கலவை எப்படிப் போடுவது? (வாசகர், ஏர்வாடி)

அடர்தீவனத்தில், அதாவது தானியமும் தவிடும் புண்ணாக்கும் சேர்ந்த கலவையில், மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நூறு கிலோ கலவைக்கு அரைத்த நெத்து 30 கிலோ, உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 30 கிலோ, அரிசித் தவிடு 20 கிலோ, கடலைப் புண்ணாக்கு 17 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாப்பாட்டு உப்பு 1 கிலோ. இதில் புரதம் நூற்றுக்கு 15, 16 வரும். வளரும் கிடாவுக்கு அது போதும். 25 கிலோ எடையுள்ள கிடாவுக்கு ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் கலவையை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு நிறைவது தழையாலும் கடலைக்கொடியாலும்தான் இருக்க வேண்டும், கலவையால் அல்ல.

உங்கள் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கடலை ஒட்டிய ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். ஆடு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்றால் கலவையில் சாப்பாட்டு உப்பை விட்டுவிடுங்கள். தாது உப்பை மட்டும் விடாதீர்கள், அது வேறு இது வேறு.

முதல் நாளே முழு அளவைப் போடக் கூடாது. ஒரு பிடியில் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நாளில் ஏற்றுங்கள். சர்க்கரை திடீரென்று வயிற்றில் குவிந்தால் புளித்து அமிலமாகும். ஆடு தீனி எடுக்காது, அசை போடாது, பல்லைக் கடிக்கும், தண்ணீராகக் கழியும். மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்ட ஆட்டுக்கு இப்படி ஆவதை ஒவ்வொரு கோடையிலும் பார்த்திருக்கிறேன். உடனே 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, தலையை ரொம்பத் தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தலையை அண்ணாக்கப் பிடித்து மடமடவென்று ஊற்றினால் நுரையீரலில் இறங்கிவிடும், சோடாவே எமனாகிவிடும்.

துள்ளுமாரி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? மாவும் சர்க்கரையும் திடீரெனக் கூடும்போதுதான் அந்தக் கிருமி குடலில் பெருகும், அதுவும் கொழுகொழுவென்றிருக்கும் ஆட்டைத்தான் முதலில் பிடிக்கும். நெத்தைத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஊசியை முடித்துவிடுங்கள். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு நெத்துக் கலவையே வேண்டாம்.

கேள்வி: மாவு மில்லில் நெத்தைக் கொடுத்தால் கல்லில் ஒட்டிக்கொள்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது? (வாசகர், பெரியபட்டினம்)

மில்காரர் மேல் தப்பில்லை. சர்க்கரை சூட்டில் இளகிக் கல்லை அடைத்துவிடும். நெத்து காய்ந்தது போலத் தெரிந்தாலும் நம் பக்கத்துக் கடல்காற்று சாயங்காலமானால் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், சர்க்கரை அதை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் காலையில் பொறுக்கிய நெத்தை அன்றே அரைக்க நினைக்காதீர்கள். ஓலைப்பாயிலோ தார்ப்பாயிலோ பரப்பி மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். பொழுது சாயும் முன் அள்ளி மூடிவிட வேண்டும், இதில் சோம்பல் பட்டால் முதல் மூன்று நாள் காய வைத்ததும் வீண். கையில் எடுத்து வளைத்தால் வளையக் கூடாது, பட்டென்று ஒடிய வேண்டும். குலுக்கினால் உள்ளே விதை ஆடும் சத்தம் கேட்க வேண்டும்.

அரைக்க உச்சிவெயில் நேரம்தான் சரி. கல் மில் வேண்டாம். சுத்தியல் வைத்து அடிக்கும் தீவன அரவை மிஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். தனி நெத்தாகப் போடாமல், கலவையில் சேர்க்கவேண்டிய சோளத்தையோ தவிட்டையோ கூடவே போட்டு அரைத்தால் ஒட்டாது. அரைத்து வந்ததும் ஒரு பிடியைச் சலித்துப் பாருங்கள். விதை முழுசாக நின்றால் இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். வீட்டு உரலில் இடித்தால் சதை மாவாகும், விதை கூட்டோடு அப்படியே நிற்கும். உலக்கைக்கு அது மசியாது.

மாவை ஈரமில்லாத சாக்கில், உள்ளே பிளாஸ்டிக் பை போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். முழு நெத்தாகச் சேமித்தால் வண்டு விழும். பொடி ஓட்டையும் மாவுத்தூளும் தெரிந்தால் ஒரு நாள் வெயிலில் போட்டு உடனே அரைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்து கறுத்துக் கிடக்கும் நெத்தைத் தொடவே வேண்டாம். பூசணத்தில் வரும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், கறவை மாட்டில் பால் வழியாகவும் வெளியே வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

பொறுக்கும்போது முள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டு வாயில் ஏறிய முள்ளை எடுப்பது ஆட்டுக்கும் பாடு, எடுப்பவருக்கும் பாடு.

கேள்வி: மூன்று நான்கு மாதமாகப் பசுவுக்கு நெத்தையும் வைக்கோலையும் மட்டுமே போட்டேன். இப்போது தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தின்றதெல்லாம் வாயிலிருந்து விழுகிறது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். (வாசகர், வாலிநோக்கம்)

ஐயா, முதலில் ஒன்று. வாய்க்குள் கை விடாதீர்கள். வீட்டில் யாரையும் விடவும் சொல்லாதீர்கள். எச்சில் ஒழுகித் தாடை தொங்கும் மாடு என்றால் முதலில் வெறிநோயாக இருக்குமோ என்றுதான் பார்க்க வேண்டும். நாயோ நரியோ கடித்ததாக நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே எச்சில் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். வாயில் புண், குளம்பிடுக்கில் புண் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். இந்த இரண்டும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நெத்தின் மேல் பழி போட வேண்டும். வெறிநோய் மாட்டை நாள்கணக்கில்தான் விட்டுவைக்கும். உங்கள் பசுவுக்குக் கன்னச்சதை வற்றும் அளவுக்கு நாள் ஓடியிருக்கிறது, அதனால் நெத்தாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு சொல்லக் கூடாத விஷயம் இது.

நெத்தால் இப்படி ஆகும் என்பது உண்மை. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் நம் ஊரைப் போலவே மழை பொய்க்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கேயும் இந்த மரத்தைக் கொண்டுபோய் நட்டார்கள், நெத்தைத் தீவனமாகக் கொடுத்தார்கள். தீனியில் பாதியோ அதற்கு மேலோ நெத்தாகவே மாதக்கணக்கில் தின்ற மாடுகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் தாடை தொங்கியது. காரணம் ஜூலிப்ரோசோபின் என்ற ஆல்கலாய்டு. மெல்லும் தசைகளை இயக்கும் நரம்பு மூளையில் எங்கே புறப்படுகிறதோ அந்த இடத்து நரம்பணுக்களை அது அழிக்கிறது. நரம்பு போனால் தசை வற்றும். மாட்டுக்குப் பசி இருக்கும், தின்ன ஆசை இருக்கும், மெல்ல மட்டும் முடியாது. தலையை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்து மெல்லப் பார்க்கும். பார்ப்பதற்கே மனசு தாங்காது.

கண் வைத்ததில் வந்ததில்லை. தயவுசெய்து மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். நெத்தை இன்றோடு நிறுத்துங்கள். பச்சைப் புல்லைப் பொடிசாக நறுக்கியும், தவிட்டையும் ஊறவைத்த புண்ணாக்கையும் கூழ்போலக் கரைத்தும் பாத்திரத்தில் வையுங்கள், ஊட்ட வேண்டாம். ஆரம்ப நிலையிலேயே நிறுத்திவிட்டால் சில மாடுகள் தேறும். கன்னச்சதை முழுக்க வற்றிய பிறகு நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். இதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

கறவை மாட்டுக்கு அடர்தீவனத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்குக்குள் அரைத்துக் கொடுக்கும் அளவில் இந்தப் பயம் இல்லை. வைக்கோலும் நெத்தும் மட்டுமே என்று வைத்தால்தான் ஆபத்து. பஞ்சகாலத்தில் வேறு வழியில்லாமல்தான் அப்படிப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட சமயத்திலும் பனையோலைக் குருத்து, வேப்பந்தழை, பூவரசந்தழை, ஏதாவது ஒன்றைக் கலந்து நெத்தின் பங்கைப் பாதிக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு முண்டு மிளகாய்த் தோட்டம். எருவுக்காகச் செம்மறிக் கிடை போட்டேன். மழை பெய்ததும் நிலம் முழுக்கக் கருவைக் கன்று. அரசாங்கம் அழிக்கச் சொல்லும் மரத்தை நீங்கள் தீவனம் என்று எழுதலாமா? (வாசகர், சாயல்குடி பக்கம்)

கோபம் நியாயமானது. 1870-களின் பிற்பகுதியில் விறகுக்காக என்று அமெரிக்கக் கண்டத்து விதையைக் கொண்டுவந்து கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். இன்று நம் மாவட்டத்தில் கண்மாய்க்குள் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி, பொக்லைன்கள் ஊர் ஊராக இறங்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். நானும் அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. யாரும் தீவனத்துக்காக ஒரு கன்றுகூட நடக் கூடாது.

ஆனால் இந்த மரம் எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். இதன் இலையை ஆடு கடிக்காது. காயை மட்டும் இனிப்பாக வைத்திருக்கிறது. ஆடுமாடு தின்கிறது, வயிற்றுக்குள் விதைத்தோல் கொஞ்சம் இளகுகிறது, எருவோடு சேர்ந்து புது நிலத்தில் விழுகிறது, மழை வந்தால் முளைக்கிறது. உங்கள் தோட்டத்தில் நடந்தது இதுதான். அரைத்த விதை முளைக்காது. மரத்தடியிலிருந்து பொறுக்கி அரைக்கும் ஒவ்வொரு மூட்டையும் உங்கள் நிலத்துக்கு வராமல் போன விதைதான். தீவனம் என்று நான் எழுதுவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

கிடை போடுவதற்கு முன்னால் மந்தை ஓட்டிவரும் கீதாரியிடம் ஆடு எங்கே மேய்ந்து வருகிறது என்று கேளுங்கள். நெத்து விழும் காலத்தில் கருவைக்காட்டில் மேய்ந்த மந்தை என்றால், வேறு மேய்ச்சலில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்குள் வயிற்றில் இருந்த விதையில் பெரும்பகுதி வெளியேறிவிடும். கீதாரிகள் தஞ்சாவூர் பக்கம் வரை மந்தையைக் கொண்டுபோகிறவர்கள், அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இப்போது முளைத்திருக்கும் கன்றுகளை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். தரையோடு அறுத்தால் மறுபடி தூரில் வெடிக்கும்.

கேள்வி: நெல்லைத் தூற்றும்போது ஒதுங்கும் களை விதையை நாட்டுக்கோழிக்குப் போடலாமா? வீணாகத்தான் கொட்டுகிறோம். (வாசகி, ஆர்.எஸ்.மங்கலம்)

போடலாம், என்ன விதை என்று தெரிந்தால். வயலில் நெல்லோடு நிற்கும் குதிரைவாலி ஜாதிப் புல்லின் விதை நல்ல தீனிதான். நாம் சமைக்கும் குதிரைவாலி அந்தப் புல்லிலிருந்து வந்த பயிர்தான். புரதம் நூற்றுக்குப் 10 போல இருக்கும், குருணையைவிடக் குறைச்சல் இல்லை. கோழித்தீனியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்துக்கொள்ளுங்கள். அரைத்தோ வேகவைத்தோ போடுங்கள், எச்சத்தோடு திரும்பவும் வயலுக்குப் போய் முளைக்க வேண்டாம்.

எனக்குப் பயம் தருவது வரப்போரத்திலிருந்தும் தரிசிலிருந்தும் வந்து கலக்கும் விதைகள். ஊமத்தை, பிரம்மதண்டு, கிலுகிலுப்பை, ஆமணக்கு. இவற்றில் ஒரு கைப்பிடிகூட ஆகாது. பிரம்மதண்டு விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். 1998-ல் டெல்லியில் அது கலந்த கடுகெண்ணெயால் மனிதர்களே வீங்கிச் செத்தார்கள். கிலுகிலுப்பை ஈரலைக் கெடுக்கும், கோழிக்கு ரொம்பவே ஆகாது.

தகரை விதை நிறையக் கிடைக்கிறது, அதில் புரதம் அதிகம் என்று சிலர் சேர்க்கிறார்கள். உண்மைதான், ஊசித்தகரையில் ஐந்தில் ஒரு பங்கு போலப் புரதம் உண்டு. வறுத்தோ வேகவைத்தோ கொஞ்சமாகச் சேர்க்கலாம், பச்சையாகக் கூடாது. ஆனால் அதன் பங்காளியான பேயாவரை தசைகளை அழிக்கும் விஷம். கோழி, மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் ஆகாது, தெரியாமல் தின்ற குழந்தைகள் வடநாட்டில் இறந்திருக்கிறார்கள். ஊசித்தகரையின் இலை நுனி மழுங்கி உருண்டிருக்கும், மூன்று ஜோடிதான் இருக்கும். காய் மெல்லிசாக நீண்டு வளைந்திருக்கும், விதை பட்டை தீட்டியதுபோல் கோணலாகப் பளபளக்கும். பேயாவரை இலை நுனி கூராக இருக்கும், நான்கைந்து ஜோடி இருக்கும். காய் தட்டையாக, ஓரம் வெளிறி நடுவில் பழுப்பாக இருக்கும், விதை தட்டையாக மங்கிய நிறத்தில் இருக்கும். செடியில் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். தூற்றிய குப்பையில் விதையாகக் கலந்துவிட்டால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கொட்டி எரித்துவிடுங்கள் அம்மா, நாலு கோழியின் தீனிக்காக அந்தத் துணிச்சல் வேண்டாம்.

நிறையச் சேர்கிறது, விற்கவும் எண்ணம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அரைக்கிலோ மாதிரி அனுப்புங்கள். புரதம், நார், பூசண நஞ்சு எல்லாம் பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் உடைமரம்தான் அதிகம். உடங்காயும் நாட்டுக்கருவேலங்காயும் கொடுக்கலாமா? (வாசகி, மண்டபம்)

தாராளமாகக் கொடுக்கலாம். கடற்கரை மணலில் குடைபோல் நிற்கும் உடைமரத்துக் காயை நம் வெள்ளாடுகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று வளர்ந்தவை. தொரட்டியால் உலுக்கி விழுந்ததைக் கொடுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள், அடுத்த வருஷமும் காய்க்க வேண்டும். நாட்டுக்கருவேலங்காயில் புரதம் சீமைக்கருவை அளவுக்கு இருந்தாலும் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்பு புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டுக்குக் கிடைக்கவிடாது. வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறிக்கும் மாட்டுக்கும் குறைத்துக்கொள்ளுங்கள். சினை ஆடாக இருந்தால் உடங்காயோடு ஒரு கைப்பிடி புண்ணாக்கும் சேர்த்து வையுங்கள். குட்டி போடுவதற்கு முந்தைய ஒன்றரை மாதம் அது கட்டாயம்.